உரித்துக் கொடுக்காத தோடம்பழம்

இன்று காலை நீதிமன்ற வாசலில் என் கைப்பையைச் சோதனை இயந்திரத்துக்குள் அனுப்பிவிட்டு மறுபக்கத்தில் நின்றேன். காவல் ஊழியர் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பையைத் திறந்து இரண்டு மண்டரின் தோடம்பழங்களை, அந்தச் சின்ன ஒரேஞ்சுகளை, வெளியே எடுத்தார். உள்ளே ஏதும் ஒளிந்திருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றை மெல்ல அமுக்கினார். தோல் சற்றே கிழிந்தது. மணம் எழுந்தது. ஈரச் சப்பாத்தும் கம்பளமும் கிருமிநாசினியும் கலந்த ஒரு மணம் அந்தக் கட்டடத்துக்கு எப்போதும் உண்டு. ஒரு பழத்தின் தோல் அதை ஒரு கணத்தில் இல்லாமல் செய்துவிட்டது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, நான் பையை எடுக்க மறந்து நின்றேன், அண்ணை.

நீங்கள் போய் இது இரண்டாவது மாரி, இரண்டாவது பனிக்காலம். மண்டரின் பெட்டிகள் மறுபடி கடை வாசல்களில் வந்து அடுக்கப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு நான் இதுவரை எதுவும் எழுதியதில்லை. நீங்கள் குரல் செய்தி அனுப்புகிறவர். அதைக் கேட்டு முடிக்க நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஒரு நடை போய்வர வேண்டியிருக்கும். பதிலுக்கு நான் 'சரி' என்று ஒரு சொல் அனுப்புவேன். இந்த மடல் அந்தக் கணக்கை ஓரளவு நேராக்கட்டும்.

உங்களைச் சந்திப்பதற்கு முன்பே உங்கள் முகத்தில் நான் பலமுறை முதுகைச் சாய்த்திருக்கிறேன். ஸ்காபரோவில் கார் இல்லாத தமிழர் எல்லோரும் அப்படித்தான். பஸ் தரிப்பிட வாங்குகளின் சாய்மானப் பலகையில், நீலக் கழுத்துப்பட்டியோடு, உங்கள் கனவு இல்லம் என் பொறுப்பு என்ற வாசகத்துக்குப் பக்கத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். அதே முகம் ஒரு கடை நாட்காட்டியில் முருகனுக்குக் கீழே இருந்தது. இன்னொன்றில் மாதாவுக்குக் கீழே இருந்தது. மன்னார்க் கத்தோலிக்கரான நீங்கள் வீடு விற்பதில் மட்டும் மதபேதம் பார்த்ததில்லை.

ஆகவே, ஒரு தேவாலயத்தின் நிலவறையில் தொண்டர் பயிற்சிக்கு நான் போய் உட்கார்ந்தபோது, பக்கத்துக் கதிரையில் அந்த முகம் உயிரோடு இருந்ததைக் கண்டு கொஞ்சம் திடுக்கிட்டேன். வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு நீதிமன்றத்தில் துணை நிற்கத் தமிழ் தெரிந்த தொண்டர்கள் தேவை என்று நான் வேலை செய்த நூலகக் கிளையில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அதை ஒட்டியது நான்தான். எவரும் அதைப் பார்க்கவில்லை என்பதால் நானே பார்த்துச் சேர்ந்தேன். நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். வீடு வீடாக இவ்வளவு காலமும் திறந்து காட்டினீர்களாம். மூன்று படுக்கையறை வீட்டில் ஒரு பிள்ளைக்கு இடமில்லை என்று சொல்லுகிற சனத்தையும் கண்டீர்களாம். அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை. விளம்பரத்துக்காக வந்திருப்பீர்கள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். தொண்டர் அட்டையில் படம் எடுத்தபோது நீங்கள் கழுத்துப்பட்டியைச் சரிசெய்த விதம் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தியது.

பயிற்சி தந்த ஒருங்கிணைப்பாளர் அம்மா முதல்நாளே தெளிவாகச் சொன்னார். நீங்கள் சட்டத்தரணி அல்ல. நீங்கள் சமூகப் பணியாளர் அல்ல. நீங்கள் அந்தப் பிள்ளையின் சொந்தக்காரரும் அல்ல. பிள்ளையைப் போய்ப் பார்க்க வேண்டும், கூட இருக்க வேண்டும், பிள்ளை சொல்வதை ஒரு பக்கத்தில் எழுதிப் பிள்ளையின் சட்டத்தரணியிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தரணியாகவோ பணியாளராகவோ இல்லாமல் இருப்பது எங்களுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. சொந்தக்காரராக இல்லாமல் இருப்பதுதான் தமிழருக்கு இயலாத காரியம். ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பார்த்து, ஊரில் எவ்விடம், தாயின் பக்கம் ஆர், தகப்பனின் பக்கம் ஆர் என்று கேட்காமல் ஒரு மணித்தியாலம் இருப்பது என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இடைவேளையில் நீங்கள் கோப்பிக் கோப்பையோடு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டீர்கள்.

"தங்கச்சி, ஊர் கேக்காமல் என்னத்தைக் கதைக்கிறது?"

எனக்கும் தெரியவில்லை என்றேன். அன்று தொடங்கியது எங்கள் சிநேகம்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பிள்ளைகள் அந்த இரண்டு சகோதரிகள். காருக்குள்கூட நாங்கள் அவர்களின் பெயரைச் சொல்வதில்லை. பெரியவள், சின்னவள் என்றே பேசிக்கொள்வோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. சின்னவளுக்கு ஆறு. தாய்க்கு மனம் குலைந்து நீண்டநாளாக வைத்தியசாலையில் இருந்தார். தகப்பன் வேறொரு நாட்டில், விலாசம் இல்லாமல் இருந்தார். இரண்டு பேருக்கும் சேர்ந்து இடமுள்ள வளர்ப்பு வீடு அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. பெரியவள் மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டில், சின்னவள் மில்லிக்கனில் இன்னொரு வீட்டில். இரண்டும் நல்ல வீடுகள்தான். ஆனால் தமக்கை தலை பின்னிவிடாத நாட்களில் சின்னவள் ஒருவரையும் தன் தலையைத் தொட விடமாட்டாள். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் நல அலுவலகத்தின் சந்திப்பு அறையில் இருவரும் ஒன்றாக இருப்பார்கள். கூட்டிச் செல்வது நாங்கள். சின்னவளின் முடி ஒரு கிழமைச் சிக்கோடு வந்து பின்னலோடு திரும்பிப் போகும்.

பெரியவளோடு முதல்முறை நீதிமன்றத்துக்குப் போன நாளில் நான் பையில் மண்டரின் கொண்டுபோயிருந்தேன். நடைபாதையில் காத்திருந்தபோது ஒன்றை எடுத்து உரித்து, வெள்ளை நாரெல்லாம் நீக்கி, சுளை சுளையாகப் பிரித்து அவளிடம் நீட்டப் போனேன். நம் வீடுகளில் பழம் கொடுப்பது என்றால் அப்படித்தான். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கும் கொட்டை நீக்கித்தான் கொடுக்கிறோம். நீங்கள் என் கையிலிருந்ததை வாங்கி உங்கள் வாயில் போட்டுக்கொண்டீர்கள். பையிலிருந்து இன்னொன்றை எடுத்து உரிக்காமலே அவள் பக்கத்தில் வைத்தீர்கள். எனக்குக் கோபம். அவள் உள்ளே போனதும் ஏன் என்று கேட்டேன். நீங்கள் சொன்னீர்கள்.

"அவள் எங்க படுக்கிறது, எங்க படிக்கிறது, தங்கச்சியை எப்ப பாக்கிறது, எல்லாம் வேற ஆக்கள் முடிவெடுக்கினம். இண்டைக்கு அந்தப் பிள்ளை தன்ர கையால செய்யிறதுக்கு வேற என்ன கிடக்கு? உந்தப் பழத்தையாவது அவளிட்ட விடுங்கோ."

அதற்குப் பிறகு நான் எந்தப் பிள்ளைக்கும் பழம் உரித்ததில்லை. நீங்கள் தின்ற சுளைகளைப் பற்றி மட்டும் நெடுநாள் சொல்லிக்காட்டினேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருந்தது. தாயின் தமக்கை, அவர்களின் பெரியம்மா, பிறம்ரனில் இருந்தார். கணவருக்குப் பாரவூர்தி ஓட்டும் வேலை. சொந்த வீடு. இரண்டு பேரையும் நான் வளர்க்கிறேன் என்று அவர் முன்வந்தார். வீட்டைப் பார்க்க ஒரு பணியாளர் போவார், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் பொலிஸ் பதிவு பார்க்கப்படும், எல்லாம் சரி என்றால் நீதிபதி சம்மதிப்பார். சகோதரிகள் ஒரே கூரையின் கீழ் வருவார்கள். பெரியவள் அந்த வீட்டு அறையில் எந்தக் கட்டில் தனக்கு, எது சின்னவளுக்கு என்று தாளில் படமாகக் கீறிக்கூட வைத்திருந்தாள்.

பெரியம்மா அந்தப் பணியாளரின் வருகையை, பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதுபோல எடுத்துக்கொண்டார். திரைச்சீலை புதிது. மீன் கட்லட், ரோல்ஸ், பருத்தித்துறை வடை. படிக்கிற வீடு என்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்து வீட்டிலிருந்து புத்தக அலுமாரி ஒன்று இரவலாக வந்தது. பிரச்சினை நிலவறையில் இருந்தது. அங்கே ஒருவர் வாடகைக்கு இருந்தார். வன்னியிலிருந்து வந்து அகதி வழக்கு முடியாமல், ஒரு களஞ்சியத்தில் வேலை செய்யும் மனிதர். அவர் அன்று காலையிலேயே பையோடு ஒரு சிநேகிதன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆள் போய்விட்டார், ஆனால் அவருடைய குசினி எங்கே போகும்? பெரியம்மா அடுப்பின் மேல் தன் கூறைச் சேலையை விரித்து, பிள்ளையாரை ஏற்றி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தார். குளிர்சாதனப் பெட்டியை வாழைமரச் சோடனை மறைத்தது. பணியாளர் மரியாதை தெரிந்த பெண். இது சாமியறை என்றதும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி, கைகூப்பிவிட்டு, உள்ளே அதிகம் எட்டிப்பார்க்காமல் மேலே வந்துவிட்டார். சாமிக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டி முனகியதை அவர் மந்திர ஒலிப்பதிவு என்று நினைத்திருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் என்று பதிவானது.

இதையெல்லாம் பின்னாளில் பெரியம்மாவே கண்ணில் நீர் வரச் சிரித்துச் சொன்னார். அப்போது எங்களுக்கு எதுவும் தெரியாது. அறிக்கை நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சட்டத்தரணி சொன்னார். நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

அந்தச் சனிக்கிழமை சந்திப்பு அறையில் தமக்கை தலை பின்ன, சின்னவள் தரையில் இருந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா வீட்டுக்குப் போனதும் கீழ் அங்கிள் முட்டை போட்டு நூடில்ஸ் செய்து தருவாரா என்று கேட்டாள். முந்தைய கோடை விடுமுறையில் தாயோடு அங்கே தங்கியபோது தின்ற நூடில்ஸ். பெரியவள் பின்னலை ஓர் இழு இழுத்தாள்.

"ஷட் அப். அவரைப் பற்றிக் கதைக்க வேண்டாம் எண்டு பெரியம்மா சொன்னவ எல்லோ."

அதற்கு முந்தின கிழமை இதே அறையில், மேற்பார்வைக்கு இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், பிள்ளைகளைப் பார்க்க வந்த பெரியம்மா அவர்களைக் கட்டி அணைத்து அதைக் காதில் சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளர் அதைப் பாசம் என்று குறித்திருந்தார். பாசம்தான், அதில் பிழை சொல்ல முடியாது.

பிள்ளைகளை அவரவர் வீட்டில் விட்டபிறகு, மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில் நாம் உங்கள் காரில் இருந்து சண்டை பிடித்தோம். நினைவிருக்கிறதா? கோப்பி இரண்டும் ஆறிப்போயின. வெளியே முதல் பனி தூவிக்கொண்டிருந்தது. நான் எழுத வேண்டாம் என்றேன். ஒரு சிறுபிள்ளை நூடில்ஸ் கேட்டதை எழுதி இரண்டு பிள்ளைகளைப் பிரித்து வைப்பதா? ஸ்காபரோவில், பிறம்ரனில், எந்தத் தமிழ் வீட்டின் நிலவறையில் ஆள் இல்லை? அதில் பாதி வீட்டை விற்றவரே நீங்கள்தானே?

நான் அதைக் குத்தலாகத்தான் சொன்னேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறம்ரன் விலாசத்தோடு பெரியம்மாவின் பெயரை அறிக்கையில் பார்த்த நாளிலிருந்து உங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்ததாம். அந்த வீட்டையும் நீங்கள்தான் விற்றீர்களாம். விளம்பரத்தையும் நீங்கள்தான் எழுதினீர்களாம்: தனி வாசல், தனிக் குசினி, முதல் மாதமே வாடகை வரும்.

பிறகு நீங்கள் சொன்னதை நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை; மறக்கவும் இல்லை.

"அந்தாள் நல்ல மனிசன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாது. தெரியாததாலதானே செக் பண்ணுறது. இப்ப மறைச்சு அங்க அனுப்பி, நாளைக்கு வெளியில வந்தால், ரெண்டும் திரும்பவும் பை கட்டோணும். ஒருக்கா கட்டினதே போதும், தங்கச்சி. அதோட, பொய்யை ஆர் சுமக்கிறது எண்டு பாருங்கோ. பெரியம்மா இல்லை. பன்ரெண்டு வயசுப் பிள்ளை."

திங்கட்கிழமை நீங்களே ஒருங்கிணைப்பாளரிடம் போய், அந்த வீட்டை விற்றவர் நான்தான் என்று சொன்னீர்கள். அவர் உங்களை அந்தப் பிள்ளைகளின் விடயத்திலிருந்து விலக்கினார். இனிச் சட்டத்தரணிக்குப் போகும் அந்த ஒரு பக்கக் குறிப்பில் கையொப்பம் என்னுடையது மட்டும். நீங்கள் வெறும் சாரதி. இத்தனை வாங்குகளில் சிரித்த முகத்துக்கு அது பெரிய பதவி இறக்கம். நீங்கள் சிரித்துக்கொண்டே ஏற்றீர்கள். ஆனால் அன்று எனக்குக் குரல் செய்தி எதுவும் வரவில்லை.

எழுத முன் பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்பது உங்கள் பழக்கம். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். வெட்டு என்றால் வெட்ட வேண்டும், வெட்ட முடியாதது என்றால் ஏன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முழு மனது இல்லாமலே எழுதுவது என்று முடிவெடுத்து, நான் மோர்னிங்சைட் போனேன். வளர்ப்புத்தாய் எங்களைக் குசினி மேசையில் விட்டுவிட்டு, உடுப்பு மடிக்க மேலே போனார். நான் ஒரு மண்டரினைப் பெரியவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, கீழ் அங்கிளைப் பற்றிச் சட்டத்தரணிக்கு நான் சொல்லத்தான் வேண்டும், இதை என்னால் வெட்ட முடியாது என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பழத்தை மேசையில் இங்கும் அங்கும் உருட்டினாள். பெரியம்மாவை ஜெயிலில் போடுவார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். கீழ் அங்கிளை நாட்டுக்கு அனுப்புவார்களா என்று கேட்டாள். இதனால் அனுப்பமாட்டார்கள் என்றே நினைக்கிறேன், ஆனால் சட்டத்தரணியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தங்கச்சியும் நானும் ஒரே வீட்டில் இருக்க முடியாமல் போகுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

அவள் உரிக்கத் தொடங்கினாள். உரித்து முடிந்தபிறகுதான் பேசினாள்.

"பெரியம்மா ஃபர்ஸ்ற் சொல்லலாமா? லைக், நீங்கள் சொல்ல முதல்? அவவே சொன்னா பொய் இல்லைத்தானே."

எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாதது அது. அன்றைக்கே சட்டத்தரணிக்குச் சொன்னேன். பிள்ளை கேட்டது நியாயம், ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றார். அன்று மாலை வழக்கமான தொலைபேசி நேரத்தில் பெரியவள் தன் பெரியம்மாவிடம் அதை நேராகச் சொன்னாள்: நீங்கள் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் அன்ரி சொல்லுவா.

பெரியம்மா உடனே உங்களை அழைத்தார். உங்கள் இலக்கம் அவருடைய குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தில் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியதும் நீங்கள்தான். இந்த விடயத்தில் கதைக்க எனக்கு அனுமதி இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் விடவில்லையாம்.

"வீட்டை வித்த நீங்களே இப்ப காட்டிக்குடுக்கிறியளோ, அண்ணை?"

"தங்கச்சி, நான் வித்தது ரெண்டு குசினி உள்ள வீடு. அதில ஒண்டைக் கோயிலாக்கினதுக்கு நான் பொறுப்பில்லை."

அவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்களாம். அடுத்தநாள் காலை பெரியம்மாவே பணியாளரை அழைத்துச் சொன்னார். உங்களைத் திட்டிக்கொண்டுதான் சொன்னார் என்றாலும், சொன்னார்.

நீதிமன்றத்துக்கு அவர் பட்டுச்சேலையும் குளிரங்கியுமாக வந்தார். கூடவே கீழ் அங்கிளும் வந்தார். அவரை ஒருவரும் அழைக்கவில்லை. ஆரோ கொடுத்த கோட்டின் கைகள் விரல்வரை நீண்டிருந்தன. தன் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் நெஞ்சோடு அணைத்திருந்தார். இந்த நாட்டில் கேட்கப்பட்ட எல்லாக் கேள்விக்கும் தயாராக வந்த மனிதர். அன்று அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. பெரியம்மா எழுந்து, வீட்டுக்கடன், பயம், பிள்ளையார், ஓர் அந்நிய ஆண் வீட்டில் இருந்தால் பெண்பிள்ளைகளைத் தருவார்களா என்ற யோசனை என்று நெடுநேரம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நிலவறையில் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார், முன்பு சொல்லாததற்கு வருந்துகிறார் என்று முடித்தார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பெரியம்மாவைப் பார்த்தார். சொன்னதற்கு நன்றி என்றார். அந்த மனிதரின் பதிவு பார்க்கப்பட வேண்டும், வீடு மறுபடி பார்க்கப்பட வேண்டும், நிலவறை உட்பட. வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

உள்ளே வர அனுமதி இல்லாத சாரதியான நீங்கள் நடைபாதை வாங்கில் இருந்தீர்கள். அந்த வாங்கில் உங்கள் படம் இல்லை என்பதைக் கவனித்தேன். பெரியவள் வந்து உங்கள் பக்கத்தில் இருந்தாள். நீங்கள் பழத்தை வைத்தீர்கள். அவள் உரித்து, பாதியைத் தின்று, மற்றப் பாதியை ஒரு கடதாசியில் சுற்றி ஜக்கெற் பைக்குள் வைத்தாள். சனிக்கிழமை அது காய்ந்து சுருங்கி வெளியே வந்தது. சின்னவள் அதைத் தின்றாள்.

அந்த மாரி நீளமாக இருந்தது. பதிவு வரத் தாமதம், பணியாளர் மாறினார், வீடு பார்க்கும் நாள் தள்ளிப்போனது. இடையில் சின்னவளுக்குத் தலை பின்ன அவளுடைய வளர்ப்புத்தாய் பழகிக்கொண்டார். ஒரு சனிக்கிழமை அவள் பின்னலோடே வந்தாள். பெரியவள் அந்தப் பின்னலைப் பார்த்துவிட்டுச் சீப்பைத் திரும்பத் தன் பைக்குள் வைத்தாள். அன்று திரும்பும் வழியில், சின்னவளை விட்டபிறகு, அவள் பின் இருக்கையிலிருந்து கேட்டாள்.

"நீங்கள் சொன்னதாலதானே அங்கிள் இப்பிடி?"

நான் பதிலுக்கு ஏதோ தேடினேன். சட்டம், ஒழுங்கு, உன் நன்மைக்கு என்று பெரியவர்களிடம் எப்போதும் கையிருப்பில் இருக்கும் சொற்கள். நீங்கள் ஓட்டியபடியே காரின் முன் கண்ணாடியில் அவளைப் பார்த்தீர்கள்.

"ஓம் பிள்ளை. அதாலதான்."

திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு வெகுதூரம் போய்த்தான் திரும்பினோம். ஒருவரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

வெளியே ஊர் உங்களைச் சும்மா விடவில்லை. பிள்ளைகளின் பெயர் உங்கள் வாயிலிருந்து வராது. ஆகவே உங்களுக்கு எதிரான கதைக்கு மறுகதையும் வராது. குடும்பத்தைப் பிரித்தவர், வெள்ளைக்காரனுக்கு ஆள்காட்டி என்றார்கள். நிலவறையில் ஆள் வைத்திருந்த அத்தனை பேரும் தங்களைப் பற்றியும் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று பயந்தார்கள். ஸ்காபரோவில் அது சிறிய கூட்டமல்ல. ஒரு வாங்கில் உங்கள் முகத்துக்கு ஆரோ மீசை கீறியிருந்தார்கள். நான் படம் எடுத்து அனுப்பினேன். மீசை பொருத்தம்தான், முந்தியே வைத்திருக்கலாம் என்று பதில் வந்தது. அந்த வருடத்தோடு வாங்கு விளம்பரத்தை நிறுத்திவிட்டீர்கள். செலவு அதிகம் என்றீர்கள். நம்புவதாகச் சொன்னேன்.

வசந்தத்தில் எல்லாம் சரிவந்தது. கீழ் அங்கிளின் பதிவில் ஒன்றும் இல்லை. பிள்ளையார் மேல்மாடிக்கு ஏறினார். அடுப்பு அடுப்பாகவே பார்வையிடப்பட்டது. நீதிபதி சம்மதித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட்டில் ஒரு பையும் மில்லிக்கனில் ஒரு பையும் ஏற்றி, பிறம்ரன்வரை உங்கள் காரில் கொண்டுபோனோம். வழி முழுக்கச் சின்னவள் தமக்கையின் தோளில் தூங்கினாள். வாசலில் பெரியம்மா உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பினார். பிறகு திரும்பி வந்து, உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்றார். நாங்கள் சொந்தக்காரர் இல்லை, விதிப்படி வாசலோடு நிற்க வேண்டும். நீங்கள் மிகுந்த கவலையோடு மறுத்தீர்கள். கணவாய்க் கறி மணந்துகொண்டிருந்தது.

நீங்கள் செய்தது சரிதான் என்று இன்றும் நான் எழுதித் தரமாட்டேன், அண்ணை. அந்தச் சீப்புத் திரும்பப் பைக்குள் போனதை நான் பார்த்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் இன்னொருமுறை பை கட்டவில்லை. இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கூட்டிக் கழிக்க வரவில்லை.

மரண அறிவித்தலில் உங்கள் பிள்ளைகள் அதே பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். நீலக் கழுத்துப்பட்டி. பத்திரிகையைத் திறந்தவர்களில் சிலராவது வீடு விற்பனைக்கு என்று நினைத்திருப்பார்கள். உங்கள் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு மீசை கீறிய ஊர் முழுக்க வந்தது. பிறம்ரனிலிருந்து பெரியம்மா வந்தார். காரை ஓட்டி வந்தது பெரியவள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. என்னைவிட உயரம். சின்னவள் அவளுக்குப் பக்கத்தில், ஒற்றைப் பின்னலோடு. பெரியவள் உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள். அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையை எடுத்தேன்.

"அன்ரி, அங்கிள் ஒருநாள்கூட எனக்கு அந்த ஒரேஞ்ச் உரிச்சுத் தரேல்லை, யூ நோ. அவர் சரியான லேஸி எண்டுதான் நினைச்சனான்."

பிறகு சிரித்தாள். கைக்குட்டை எனக்குத்தான் தேவைப்பட்டது.

இன்றைக்கு வந்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. இருப்பது நான்காவது வளர்ப்பு வீடு. மூன்று மாதமாகப் போய்ப் பார்க்கிறேன். ஓம், இல்லை என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு வளரவில்லை. ஊர் கேட்கவில்லை. இப்போது என் பக்கத்தில் சாரதியும் இல்லை, பஸ்ஸில் வந்தோம். தரிப்பிட வாங்கில் பல் வைத்தியர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். நடைபாதையில் இருந்தபோது காவல் ஊழியர் அமுக்கிய பழத்தை எனக்கு வைத்துக்கொண்டு, மற்றதை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் வைத்தேன். பிள்ளை இரண்டையும் பார்த்தது. முழுப் பழத்தை எனக்குத் தள்ளிவிட்டு, கிழிந்ததைத் தான் எடுத்துக்கொண்டது. கையில் உருட்டியபடியே இருந்தது; உரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்த பிள்ளை இரண்டடி போய்த் திரும்பி வந்து, அந்தப் பழத்தை என் மடியில் வைத்தது.

"வைச்சிருங்கோ. வந்து உரிக்கிறன்."

அது என்னிடம் சொன்ன முதல் முழு வசனம். கதவு மூடிக்கொண்டது. இப்போது அதே நடைபாதையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். கிழிந்த இடத்தில் தோல் எழும்பி நிற்கிறது. என் பெருவிரல் போய்ப்போய் அங்கேதான் நிற்கிறது. மணம் வந்துகொண்டே இருக்கிறது. நான் உரிக்கவில்லை, அண்ணை. வைத்திருக்கிறேன்.